அறக்கட்டளைப் பணம் எங்கே போகிறது, எங்கே நிலைக்கிறது

நீங்கள் கேட்டது மூன்று கேள்விகள். கல்வி, மருத்துவம், கலை, ஊர்ப் பொதுத்தேவை என எல்லாவற்றுக்கும் அறக்கட்டளைகள் உதவுவதாகச் சொல்கிறார்களே, அந்தப் பணம் நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது? அரசு செய்ய வேண்டியதை இவர்கள் ஏன் செய்கிறார்கள்? நீங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய அமைப்புக்கு உதவி கேட்பதென்றால் எதைக் கவனிக்க வேண்டும்? மானிய விண்ணப்பங்களைப் படிப்பது, நேரில் போய்ப் பார்ப்பது, பரிந்துரை எழுதுவது என்று பல ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் அறக்கட்டளையை அது கொடுத்த தொகையை வைத்து எடை போடாதீர்கள். கொடுப்பதை நிறுத்திய பிறகும் அந்த வேலை நடந்ததா என்று பாருங்கள். பத்தாவது ஆண்டில் ஆசிரியருக்குச் சம்பளம் யார் தருவார்கள், கூரை ஒழுகினால் யார் சரிசெய்வார்கள் என்று முதல் நாளே யோசித்தவர்களின் பணம்தான் காலத்துக்கும் நின்றிருக்கிறது. கீழே சொல்லப்போகும் கதைகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வரும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஒருவரோ ஒரு குடும்பமோ ஒரு நிறுவனமோ பெரிய தொகையை ஒதுக்கி வைப்பார்கள். அதுதான் மூலநிதி. விதைநெல் மாதிரி அதைத் தொடாமல், முதலீட்டில் வரும் வருமானத்திலிருந்து கொடுப்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தம் சொத்து மதிப்பில் சுமார் 5 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவழித்தாக வேண்டும். பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு வரிச்சலுகையை மட்டும் அனுபவிக்கக் கூடாது என்ற கட்டாயம் 1969-ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டத்தில் தொடங்கியது. இன்னொரு வகை, நிறுவனத்தின் பங்குகளையே கையில் வைத்திருக்கும் அறக்கட்டளைகள். டாடா குழுமத்தின் தலைமை நிறுவனமான டாடா சன்ஸில் ஏறத்தாழ 66 சதவீதம் டாடா அறக்கட்டளைகளிடம் இருக்கிறது. டென்மார்க்கில் இன்சுலின் தயாரிக்கும் நோவோ நோர்டிஸ்க் நிறுவனத்தின் வாக்குரிமையில் பெரும்பகுதி அதே பெயர் கொண்ட அறக்கட்டளையின் கையில்தான். மூன்றாவது வகையினர் மூலநிதியையும் சேர்த்துச் செலவழித்துவிட்டுக் கதவைச் சாத்துபவர்கள். கேட்ஸ் அறக்கட்டளை 2045-ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்படும் என்று 2025-இல் அறிவித்தார்கள்.

தொகைகள் பெரிதாகத் தெரியும். ஆனால் ஒரு நாட்டு அரசு பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் செலவிடுவதோடு ஒப்பிட்டால் உலகின் மிகப் பெரிய அறக்கட்டளையின் பணமும் கொஞ்சம்தான். அரசின் இடத்தைப் பிடிக்க இவர்களால் முடியாது. அப்படியானால் எதற்கு இவர்கள்? அரசால் எளிதில் செய்ய முடியாத சில காரியங்கள் உண்டு. பலன் தெரிய இருபது ஆண்டு ஆகும் ஆராய்ச்சி, தோற்றுப்போக வாய்ப்புள்ள சோதனை, அரசே ஒதுக்கி வைத்திருக்கும் மக்களுக்கான வேலை, வாக்குகளைக் கொண்டுவராத கலை. இந்த இடங்களில்தான் அறக்கட்டளைப் பணத்துக்கு மதிப்பு.

கல்வியில் முதலில் சொல்ல வேண்டியவர் ஆண்ட்ரூ கார்னகி. எஃகுத் தொழிலில் சம்பாதித்தவர். 1883-இல் தான் பிறந்த ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லினில் தொடங்கி, உலகெங்கும் அவர் பணத்தில் எழுந்த நூலகங்கள் 2,509. இந்த எண்ணிக்கையைவிட அவர் வைத்த நிபந்தனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கட்டடத்துக்கு மட்டுமே அவர் பணம் கொடுத்தார். இடத்தை ஊர்தான் தர வேண்டும். கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நகராட்சி தன் வரிப்பணத்திலிருந்து ஒதுக்குவதாக உறுதி தர வேண்டும். புத்தகம், நூலகர் சம்பளம், விளக்கு எல்லாம் அதில்தான். சில ஊர்கள் அந்தச் சுமை வேண்டாம் என்று மறுத்தும் இருக்கின்றன. ஏற்றுக்கொண்ட ஊர்களில் நூலகம் என்பது நகராட்சி வரவுசெலவில் ஒரு நிரந்தரச் செலவாக உட்கார்ந்துவிட்டது. கார்னகி போய்ச் சேர்ந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அவற்றில் பல இன்னும் திறந்திருக்கின்றன என்றால் காரணம் அந்தப் பத்தில் ஒரு பங்குதான்.

ஜூலியஸ் ரோசன்வால்ட் கதை இதைவிட ஆழமானது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அஞ்சல்வழி விற்பனையில் பெரிதாக வளர்ந்த சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தலைவர் அவர். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லாத காலம். கறுப்பினத்தவருக்கான டஸ்கீகி கல்வி நிலையத்தை நடத்திய கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் அவரிடம் ஒரு யோசனை சொன்னார். 1912-இல் அலபாமாவில் ஆறு சிறு பள்ளிகளோடு சோதனையாகத் தொடங்கினார்கள். 1932-க்குள் 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் எழுந்துவிட்டன. மொத்தச் செலவு 2 கோடியே 84 லட்சம் டாலர். அதில் ரோசன்வால்ட் தரப்பின் பங்கு சுமார் 15 சதவீதம்தான். அந்தந்த ஊர்க் கறுப்பின மக்கள் சேர்த்துக் கொடுத்தது 17 சதவீதம், அதாவது கோடீஸ்வரரைவிட அதிகம். பெரும்பங்கு, சுமார் 64 சதவீதம், பொது வரிப்பணம். மீதி உள்ளூர் வெள்ளையர்களின் நன்கொடை.

திட்டத்தின் சூட்சுமம் அந்தப் பங்கீட்டில் இருக்கிறது. பள்ளி கேட்ட ஊர் மக்கள் பணமாகவோ நிலமாகவோ மரமாகவோ உடலுழைப்பாகவோ தங்கள் பங்கைப் போட வேண்டும். அந்த வட்டாரத்தின் பள்ளி நிர்வாகம் வரிப்பணத்தில் பங்கு தர வேண்டும், கட்டி முடித்த பள்ளியைத் தன் பொறுப்பில் எடுத்து நடத்தவும் வேண்டும். கறுப்பினக் குழந்தைகளுக்காகக் கையை நீட்டவே மறுத்த நிர்வாகங்களை ரோசன்வால்டின் 15 சதவீதம் இப்படி இழுத்துவந்தது. இதில் ஒரு வலியும் உண்டு. அந்த மக்கள் ஏற்கெனவே வரி கட்டியவர்கள். அந்த வரி வெள்ளையர் பள்ளிகளுக்குப் போய்விட, தங்கள் குழந்தைகளுக்காக இரண்டாவது முறையும் கையிலிருந்து கொடுத்தார்கள். திட்டத்தைப் பாராட்டும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தக் கட்டடங்களை ஒருமுறை கிட்டே போய்ப் பாருங்கள், படத்திலாவது. பல கிராமங்களில் மின்சாரம் கிடையாது. ஆகவே வகுப்பறை கிழக்கு மேற்காக வெளிச்சம் வாங்கும்படி கட்டடத்தை நிறுத்தினார்கள். உயரமான ஜன்னல்களை வரிசையாக ஒட்டி ஒட்டி வைத்தார்கள். எழுதும்போது கையின் நிழல் தாளில் விழாமல் இருக்க, வெளிச்சம் பிள்ளைகளின் இடப்பக்கத்திலிருந்து வரும்படி மேஜைகளைப் போட்டார்கள். சுவருக்கு வெளிர் நிறம். இவையெல்லாம் அச்சடித்த வரைபடங்களாக ஊர்களுக்குப் போயின. உள்ளூர்த் தச்சரே பார்த்துக் கட்டக்கூடிய வரைபடங்கள். பணத்தைவிட அந்த வரைபடம் பெரிய கொடை என்று நான் நினைக்கிறேன். 1928 வாக்கில் தென்மாநிலக் கிராமங்களில் படித்த கறுப்பினக் குழந்தைகளில் மூன்றில் ஒருவர் ரோசன்வால்ட் பள்ளியில் இருந்தார். கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளிடையே இருந்த கல்வி இடைவெளி அந்தக் காலத்தில் குறைந்ததில் இந்தப் பள்ளிகளுக்குக் கணிசமான பங்கு உண்டு என்று பொருளியலாளர்கள் பிற்பாடு கணக்கிட்டுக் காட்டினார்கள். ரோசன்வால்டுக்கு நிரந்தர மூலநிதியில் நம்பிக்கை இல்லை. அவருடைய நிதி, வைத்திருந்ததையெல்லாம் செலவழித்துவிட்டு 1948-இல் மூடப்பட்டது.

மறுபக்கத்தையும் பார்க்கலாம். கேட்ஸ் அறக்கட்டளை 2000-க்குப் பிறகு அமெரிக்காவில் பெரிய உயர்நிலைப் பள்ளிகளைச் சிறு பள்ளிகளாக்கும் திட்டத்தில் சுமார் 2 பில்லியன் டாலர் போட்டது. பல பள்ளிகளில் மாணவர் தேர்ச்சி குறிப்பிடும்படி உயரவில்லை என்று 2009-இல் பில் கேட்ஸே வெளிப்படையாக எழுதினார். அடுத்து ஆசிரியர்களை அளந்து மதிப்பிடும் திட்டம் வந்தது. மாணவர் முன்னேற்றத்தில் எதிர்பார்த்த மாற்றம் இல்லை என்று ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு 2018-இல் சொன்னது. தோல்வியை மறைக்காமல் சொன்னதற்கு அவர்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளியைப் பிரித்து, தலைமையாசிரியரை மாற்றி, மதிப்பீட்டு முறையைப் புரட்டிப்போட்டு வாழ்ந்தவர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகளும் ஆசிரியர்களும்தான். நன்கொடையாளர் அடுத்த திட்டத்துக்கு நகர்ந்துவிடலாம், பள்ளியால் நகர முடியாது.

உதவித்தொகைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்விக்கு அறக்கட்டளை உதவுகிறது என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான், பயனும் நேரடியானது. ஒரே ஒரு விஷயம்: கட்டணத்தை மட்டும் கட்டி, தங்குமிடத்தையும் பயணச்செலவையும் விட்டுவிடும் உதவித்தொகையால் ஏழைப் பிள்ளைகள் பாதியில் நின்றுபோகிறார்கள். உங்கள் அமைப்பு உதவித்தொகை தருவதாக இருந்தால் இதைக் கவனியுங்கள்.

மருத்துவத்துக்கு வருகிறேன். 1909-இல் எண்ணெய்த் தொழிலில் சம்பாதித்த ஜான் டி. ராக்ஃபெல்லர் 10 லட்சம் டாலர் கொடுத்து, அமெரிக்கத் தென்மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்க ஓர் ஆணையம் அமைத்தார். வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களின் தோல் வழியாக உடம்புக்குள் போய், குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. பிள்ளைகள் சோர்ந்து, வெளுத்துப்போய், படிப்பில் மனம் செல்லாமல் இருப்பார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. ஆணையம் சோதித்துப் பார்த்தபோது பள்ளி வயதுப் பிள்ளைகளில் சுமார் 40 சதவீதம் பேருக்குப் புழு இருந்தது.

அவர்கள் செய்த முறை இன்றைக்கும் பாடம். ஊர் ஊராகத் தற்காலிக மருந்தகம் போட்டார்கள். குடும்பம் குடும்பமாக மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு மேஜையில் நுண்ணோக்கி இருக்கும். மலத்தில் இருக்கும் புழு முட்டையைக் கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். புட்டியில் புழு இருக்கும். பார்த்தவருக்கு அதற்கு மேல் சொற்பொழிவு தேவைப்படவில்லை. தைமால் மாத்திரையும் எப்சம் உப்பும்தான் மருந்து. 1914 வரை ஏறத்தாழ 7 லட்சம் பேருக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். புழு அதிகம் இருந்த வட்டாரங்களில் அதன்பின் பள்ளிச் சேர்க்கையும் வருகையும் எழுத்தறிவும் மற்ற இடங்களைவிடக் கூடியதைப் பொருளியல் ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரு மாத்திரை பள்ளிக்கூடத்தின் வேலையையும் சேர்த்துச் செய்தது என்று சொல்லலாம். விண்ணப்பப் படிவத்தில் கல்விக்கு ஒரு பெட்டி, மருத்துவத்துக்கு ஒரு பெட்டி என்று பிரித்து வைத்திருக்கிறோமே, வாழ்க்கை அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை.

ஆனால் புழு ஒழியவில்லை. சிகிச்சை முடிந்தவர் மறுபடியும் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தார். கழிப்பறை இல்லாத வீடுகள் ஏராளம். பெயரில் இருந்த ‘ஒழிப்பு’ நிறைவேறாமலேயே ஆணையம் ஐந்து ஆண்டில் முடிந்தது. அது விட்டுச்சென்றது வேறு ஒன்று. அதுவரை பெயரளவில் இருந்த மாநிலச் சுகாதாரத் துறைகள் இந்த வேலையின் வழியாக ஆட்களையும் ஆய்வகங்களையும் பழக்கத்தையும் பெற்றன. அவைதான் பின்னால் காய்ச்சல்களையும் காசநோயையும் கையாண்டன. மருந்து கொடுத்துவிட்டு வந்திருந்தால் அது நல்ல முகாமாக முடிந்திருக்கும். துறையை வளர்த்துவிட்டு வந்ததால் அது நிலைத்தது.

ஆராய்ச்சியிலும் இதே பொறுமை வேண்டும். கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்கு எதிராக ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பல ஆண்டு வேலை செய்தது. 1927-இல் லாகோஸில் ஏட்ரியன் ஸ்டோக்ஸ், 1928-இல் அக்ராவில் ஹிடேயோ நோகுச்சி என்று ஆராய்ச்சியாளர்களே அந்த நோயில் உயிரை விட்டார்கள். 1937-இல் மேக்ஸ் தைலரின் குழு உருவாக்கிய 17டி தடுப்பூசி இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. தைலருக்கு 1951-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரிட்டனில் வெல்கம் அறக்கட்டளை செய்ததும் மறக்கக் கூடாத ஒன்று. 1998-இல் ஒரு தனியார் நிறுவனம் மனித மரபணுத் தொகுதியை, அதாவது நம் டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை முழுவதையும், முந்திக்கொண்டு படித்துமுடிக்கப்போவதாக அறிவித்ததும், அதே வேலையைப் பொதுவில் செய்துவந்த திட்டத்துக்குத் தான் தரும் நிதியை வெல்கம் சில நாட்களுக்குள் இரு மடங்காக்கியது. மொத்த வேலையில் மூன்றில் ஒரு பங்கை அதன் சாங்கர் மையம் ஏற்றுக்கொண்டது. படித்த வரிசையை 24 மணி நேரத்துக்குள் எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும் என்று 1996-இல் பெர்முடாவில் விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். நம் உடம்பின் எழுத்து யாருடைய தனிச்சொத்தாகவும் ஆகாமல் இருந்ததில் அந்த அறக்கட்டளையின் துணிச்சலுக்கு நேரடிப் பங்கு உண்டு.

ஒப்படைப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு டாடா நினைவு மருத்துவமனை. டொராப்ஜி டாடா அறக்கட்டளை புற்றுநோய்க்கென்றே 1941-இல் பம்பாயில் தொடங்கியது அது. 1957-இல் இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் ஏற்றுக்கொண்டது, 1962-இல் அணுசக்தித் துறையின் கீழ் வந்தது. இன்று நாட்டின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அதுதான் முதுகெலும்பு. எங்கள் பெயர், எங்கள் கட்டடம் என்று அறக்கட்டளை கடைசிவரை பிடித்து வைத்திருந்தால் இந்த அளவு வளர்ந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நல்ல நோக்கமும் தீங்கில் முடியலாம். கார்னகி அறக்கட்டளை ஒன்றின் சார்பில் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 மருத்துவக் கல்லூரிகளைப் பார்த்து 1910-இல் அறிக்கை கொடுத்தார். ஆய்வகமும் இல்லாமல் நோயாளியும் இல்லாமல் பட்டம் விற்ற கல்லூரிகள் மூடப்பட்டன, மருத்துவக் கல்வி தரமானது. அதே அறிக்கைக்குப் பிறகுதான் கறுப்பினத்தவருக்கென இருந்த ஏழு மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹாரியும் மட்டும் மிஞ்சின. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு எத்தனை பேர் மருத்துவராக முடியாமல் போனார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இதைவிடக் கறை படிந்த பக்கமும் உண்டு. ‘இன மேம்பாடு’ என்ற பெயரில் நடந்த போலி அறிவியலுக்கு ராக்ஃபெல்லர் பணம் ஜெர்மனியிலும், கார்னகி பணம் அமெரிக்காவிலும் போயிருக்கிறது. பணம் கொடுப்பவரைத் தேர்தலில் தோற்கடிக்க முடியாது. ஆகவே கணக்கும் முடிவுகளும் பொதுவில் இருக்க வேண்டும் என்று கேட்பது நன்றிகெட்டதனம் இல்லை. அவர்களுக்குக் கிடைக்கும் வரிச்சலுகையில் நம் எல்லோருடைய பங்கும் இருக்கிறது.

கலைக்கு வருவோம். இங்கே பலனை அளப்பது கடினம், அதனாலேயே முதலில் வெட்டுப்படுவதும் கலைக்கான தொகைதான். பிள்ளைகள் பட்டினி கிடக்கும்போது இசைக்கு ஏன் பணம் என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு சமூகத்துக்குத் தன் கலை இல்லாமல் போவதை அடுத்த தலைமுறையில் எந்தப் பணத்தாலும் சரிசெய்ய முடியாது. ஃபோர்டு அறக்கட்டளை 1966-இல் 61 இசைக்குழுக்களுக்கு 8 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. அதில் பெரும்பகுதியை உடனே செலவழிக்க முடியாதபடி வைத்து, குழுக்களும் தங்கள் பங்குக்கு நிதி திரட்ட வேண்டும் என்றது. வாசிப்பவர்கள் பகுதிநேர வேலையிலிருந்து முழுநேரச் சம்பளத்துக்கு மாறுவதுதான் நோக்கம்.

தனிக் கலைஞருக்குக் கொடுப்பதில் வேறு வழி. மகனை இழந்த சைமன், ஓல்கா குக்கன்ஹைம் தம்பதி 1925-இல் அவன் நினைவாகத் தொடங்கிய அறக்கட்டளை, எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் அறிஞருக்கும் வேலை செய்ய நேரத்தை வாங்கித் தருகிறது. மெக்ஆர்தர் அறக்கட்டளை 1981 முதல் தரும் விருதுக்கு யாரும் விண்ணப்பிக்கவே முடியாது. தேர்வானவருக்கு இப்போது ஐந்து ஆண்டுகளில் 8 லட்சம் டாலர், என்ன செய்தீர்கள் என்ற அறிக்கையும் கேட்பதில்லை. திட்டம் போட்டுக் கொடுத்தால்தான் பணம் என்றால், எழுதத் தொடங்கிய பின்தான் என்ன எழுதுகிறோம் என்று தெரிந்துகொள்ளும் கலைஞன் என்ன செய்வான்? அந்த நம்பிக்கை சரியென்றே நினைக்கிறேன்.

கலையும் ஊர்த்தேவையும் கைகோத்த இடம் கெய்ரோவின் அல் அஸ்ஹர் பூங்கா. பல நூற்றாண்டுகளாகக் குப்பையும் இடிபாடும் கொட்டிய மேடு. ஆகா கான் கலாசார அறக்கட்டளை அதை 30 ஹெக்டேர் பூங்காவாக்கி 2005-இல் திறந்தது. மண்ணை அள்ளும்போது 12-ஆம் நூற்றாண்டில் அய்யூபிய அரசர்கள் கட்டிய நகர மதில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு வெளிவந்தது. பக்கத்தில் இருக்கும் தர்ப் அல் அஹ்மர் பழைய, ஏழைக் குடியிருப்பு. பூங்கா அழகானதும் அவர்களைக் காலி செய்வது எளிய வழியாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாக வீடுகளைப் பழுதுபார்த்தார்கள், இளைஞர்களுக்குத் தச்சும் கல்வேலையும் கற்றுக்கொடுத்தார்கள், சிறுகடன் கொடுத்தார்கள். பூங்காவின் பராமரிப்பு நுழைவுக் கட்டணத்திலும் உணவகங்களின் வருமானத்திலும் நடக்கும்படி அமைத்தார்கள். பத்தாவது ஆண்டுக் கேள்விக்கு விடை அங்கே வரைபடத்திலேயே இருந்தது.

ஊர்ப் பொதுத்தேவைக்கென்றே ஒரு வடிவம் இருக்கிறது, சமூக அறக்கட்டளை. 1914-இல் கிளீவ்லாந்தில் ஃபிரடெரிக் காஃப் என்ற வங்கியாளர் தொடங்கியது. ஒரே செல்வந்தரின் பெயரில் இல்லாமல், ஊரில் பலர் விட்டுச்செல்லும் சிறிதும் பெரிதுமான தொகைகளை ஒன்றாக வைத்து, அந்தந்தக் காலத்துத் தேவைக்கு ஒரு குழு முடிவெடுத்துக் கொடுக்கும். அவர் இப்படி யோசித்ததற்குக் காரணம், இறந்தவரின் உயில் உயிரோடிருப்பவர்களின் கையைக் கட்டிப்போடுவதுதான். செயின்ட் லூயிஸ் நகரின் முன்னாள் மேயர் பிரையன் முல்லன்ஃபி 1851-இல் இறந்தபோது, மேற்கே குடியேறப் போகும் வழியில் அந்நகருக்கு வரும் ஏழைப் பயணிகளுக்கு உதவத் தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதிவைத்தார். அன்றைக்கு நியாயமான தேவை. மேற்கே போகும் வண்டிகள் நின்றுபோன பிறகும் பணம் வளர்ந்துகொண்டே இருந்தது, உதவி பெற ஆள்தான் இல்லை. நோக்கத்தை இறுக்கிக் கட்டினால் இதுதான் நடக்கும். அதற்காக நோக்கமே இல்லாமல் விடவும் முடியாது. உள்ளூர்க் குழு என்பது இரண்டுக்கும் நடுவில் கிடைத்த நல்ல வழி.

சரி, உங்கள் அமைப்புக்கு வருவோம். சிறிய அமைப்புகளின் விண்ணப்பங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று உண்டு. கணினி அறைக்குக் கேட்டிருப்பார்கள். கணினிகள், மேஜைகள், நாற்காலிகள், பெயர்ப்பலகைகூட இருக்கும். அறையைத் திறந்து வைத்துச் சொல்லிக்கொடுப்பவரின் சம்பளம் இருக்காது. மின்கட்டணம் இருக்காது, பழுதுபார்ப்பு இருக்காது. ஏன் என்று கேட்டால், நிர்வாகச் செலவைக் காட்டினால் பணம் கிடைக்காது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இந்தப் பயத்துக்குக் காரணம் நாங்கள்தான், கொடுக்கும் தரப்பு. வாடகையும் கணக்காளர் சம்பளமும் வீண்செலவு என்று நீண்டகாலம் நடத்திவந்தோம். நிலைமை மெல்ல மாறுகிறது. ஃபோர்டு அறக்கட்டளை 2016-இல் அமைப்புகளையே வலுப்படுத்த 1 பில்லியன் டாலர் திட்டம் தொடங்கியது. அமேசான் பங்குகளால் செல்வந்தரான மெக்கன்சி ஸ்காட், எதற்குச் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லாமல் 2,000-க்கும் மேற்பட்ட அமைப்புகளுக்குக் கொடுத்திருக்கிறார். ஆகவே உண்மையான செலவை முழுசாக எழுதுங்கள். ஓர் ஆள் இரண்டு ஆள் வேலையைச் செய்வதை மறைத்து எழுதினால், அடுத்த ஆண்டும் அப்படியே செய்ய வேண்டியிருக்கும்.

யாரிடம் கேட்பது என்பதில் பெரிய பெயர்களைத் துரத்த வேண்டாம். ஓர் அறக்கட்டளை கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் யாருக்கு, எவ்வளவு கொடுத்தது என்ற பட்டியல் பெரும்பாலும் அதன் ஆண்டறிக்கையில் இருக்கும். அதில் உங்கள் அளவிலான அமைப்பு ஒன்றுகூட இல்லையென்றால் நேரத்தை வேறிடத்தில் செலவிடுங்கள். இருந்தால், அந்த அமைப்பிடம் பேசுங்கள். பணம் சொன்ன தேதிக்கு வந்ததா, எத்தனை அறிக்கை கேட்டார்கள், சிக்கல் வந்தபோது எப்படி நடந்துகொண்டார்கள் என்று அவர்கள் சொல்வது எந்த அறிமுகப் புத்தகத்திலும் இருக்காது.

பணம் தருபவர் வேலையின் திசையை மாற்றச் சொன்னால் ஒரு தடவைக்கு இரு தடவை யோசியுங்கள். நீங்கள் முதியோருக்கான பகல்நேர மையம் நடத்துகிறீர்கள், அவர்கள் இந்த ஆண்டு இளைஞர் திறன் பயிற்சிக்குத்தான் தருவார்கள் என்றால், அதற்குத் தகுந்தபடி விண்ணப்பத்தை வளைப்பது எளிது. மூன்றாவது ஆண்டில் அவர்கள் ஆர்வம் வேறு பக்கம் போகும்போது உங்களிடம் பயிற்சி மையமும் இருக்காது, முதியோரும் இருக்க மாட்டார்கள்.

விண்ணப்பத்தில் ஒரு பக்கத்தை மானியம் முடிந்த பிறகு என்ன என்பதற்கே ஒதுக்குங்கள். உள்ளாட்சி எடுத்துக்கொள்ளுமா, பயனாளிகள் சிறு கட்டணம் தர முடியுமா, பலரிடம் மாதச் சந்தா திரட்ட முடியுமா, அல்லது இது மூன்று ஆண்டில் முடிந்துவிட வேண்டிய வேலைதானா? கடைசியாகச் சொன்னதும் மரியாதையான பதில்தான், எல்லாமே என்றென்றைக்கும் நடக்க வேண்டும் என்பதில்லை. உங்களுக்கு விடை தெரியாவிட்டால், முதல் ஆண்டில் அதைக் கண்டுபிடிப்பதையே வேலையின் ஒரு பகுதியாக எழுதி அதற்கும் தொகை கேளுங்கள். என் மேஜைக்கு வரும் விண்ணப்பங்களில் இந்தப் பக்கம் இருப்பவை குறைவு, அவற்றை நான் முதலில் எடுத்துப் படிக்கிறேன். மறுப்பு வந்தால் காரணத்தைக் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். பலர் பதில் சொல்வார்கள், அந்தப் பதிலை வைத்து அடுத்த சுற்றுக்குத் திருத்தி அனுப்பலாம்.